செட்டிநாட்டில் ஒரு கால்பந்து மைதானம்: காலரி முதலா, தரை முதலா?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கால்பந்து மைதானம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் சொல் "ஸ்டேடியம் கட்டிரலாம்" என்பதுதான். பணம் திரட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள், பள்ளியின் பழைய மாணவர்கள், கோயில் திருப்பணிக்குக் கொடுத்துப் பழகிய குடும்பங்கள் என எல்லோரும் நல்ல காரியம் என்றால் கை கொடுப்பார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. அவர் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தில் இன்று உடற்கல்வியியல் கல்லூரியே இருக்கிறது. பயிற்சியாளர்களும் விளையாடப் பிள்ளைகளும் பார்க்க ஆட்களும் இந்தப் பக்கம் உண்டு.

அப்படியென்றால் கையில் வரும் பணத்தை எதில் போடுவது? நம் முன்னே நான்கு வழிகள் இருக்கின்றன. பெரிய காலரியோடு, அதாவது பார்வையாளர் படிவரிசைகளோடு, ஸ்டேடியம் கட்டலாம். முழு அளவு செயற்கைப் புல் விரிக்கலாம். இயற்கைப் புல் வளர்க்கலாம். இல்லை, இப்போதுள்ள செம்மண் தரையையே ஒழுங்குபடுத்தி விளக்குப் போடலாம். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் உள்ள ஊர் அருகம்புல் தரைக்குப் போக வேண்டும், தண்ணீர் இல்லாத ஊர் செம்மண்ணோடு நிற்க வேண்டும், எந்த ஊரும் காலரியில் தொடங்கக் கூடாது. ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் நிலக் கணக்கு. சர்வதேசப் போட்டிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதுவே 7,140 சதுர மீட்டர், அதாவது ஒன்றேமுக்கால் ஏக்கர். சுற்றிலும் ஐந்தாறு மீட்டர் காலியிடம் விட்டால் 120-க்கு 80 என்று ஆகிறது. ஏறத்தாழ 2.4 ஏக்கர். வண்டி நிறுத்தம், அறைகள், பார்வையாளர் படிகள் எல்லாம் சேர்த்தால் நான்கு ஏக்கர் தேவைப்படும். அதற்குக் குறைவாக இடம் வைத்திருப்பவர்கள் ஆடுகளத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். ஆட்ட விதிகள் 90 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம் வரை இறங்க அனுமதிக்கின்றன. இன்னொரு விஷயம், ஆடுகளம் வடக்கு தெற்காக நீள வேண்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் சாயங்கால ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பர் முழு நேரமும் சூரியனைப் பார்த்தபடி நிற்க வேண்டியிருக்கும். இந்தத் தீர்மானத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, ஆனால் கட்டிய பிறகு திருத்தவே முடியாது.

காலரி என்னும் ஆசை

பெரிய ஸ்டேடியம் கேட்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. ஆடும் ஆட்டத்தை ஒரு முறை பார்த்தவனுக்கு, அந்தச் சத்தம் நம் ஊரிலும் கேட்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்காது. 1993-இல் கட்டிய அந்த அரங்கில் சுமார் 40,000 பேர் உட்காரலாம். தலைநகரமும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணியும் இருக்கும் இடத்தில் அதற்கு ஒரு பொருள் உண்டு.

ஆனால் பெரிய அரங்குகளின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பிரேசிலில் 2014 உலகக் கோப்பைக்காக மனாவுஸ் நகரத்தில் 40,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கைக் கட்டினார்கள். அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கு. அந்த ஊரில் முதல் வரிசை அணி எதுவும் இல்லாததால் அதன்பின் அதை நிரப்பவே வழியில்லாமல் போனது. இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் கத்தார் 2022 உலகக் கோப்பைக்காக 974 கப்பல் கண்டெய்னர்களைக் கொண்டு கழற்றக்கூடிய ஓர் அரங்கைக் கட்டியது. ஏழு ஆட்டங்கள் நடந்தன, அப்புறம் பிரித்துவிடலாம் என்பதே திட்டம்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். அங்குள்ள தேசிய அரங்கம் 2014-இல் திறந்தது. 55,000 இருக்கைகள், திறந்து மூடும் கூரை, 310 மீட்டர் அகலத்துக்குத் தூணே இல்லாத குவிமாடம். நம் ஊர்க்காரர்கள் பலர் அதன் உள்ளே உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் அங்கே ஆடின. நெய்மார் நான்கு கோல் போட்டார். ஆனால் மறுநாள் பேச்சில் அவருக்குச் சமமாக அடிபட்டது தரை. புல் சரியாகப் பிடிக்காமல் மணல் தெரிந்தது, வீரர்கள் ஓடும்போது தூள் பறந்தது. அத்தனை பெரிய கூரையின் நிழல் விழும் இடத்தில் புல்லை வளர்ப்பது எவ்வளவு கடினம் என்று உலகமே பார்த்தது. பிறகு தரையை மாற்றினார்கள். சிங்கப்பூருக்கு மாற்ற வசதி இருக்கிறது. நம் மைதானக் குழுவுக்கு அப்படி இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

இன்னொரு கவலையும் உண்டு. கட்ட முடியாத ஊர்கள் போட்டி நாளில் சவுக்குக் கட்டையில் தற்காலிகக் காலரி போடுகின்றன. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2022 மார்ச் மாதம் ஓர் எழுவர் கால்பந்துப் போட்டியில் அப்படிப்பட்ட காலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, கூட்டம் வாசல்களில் நெரிந்து 135 பேர் இறந்துபோனார்கள். காலரி என்றால் உட்காரும் படி மட்டும் இல்லை. எத்தனை வாசல், எவ்வளவு அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஆம்புலன்ஸ் எந்த வழியாக உள்ளே வரும் என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். இதையெல்லாம் செய்யப் பணம் இல்லாதபோது காலரியைத் தொடக் கூடாது.

நமக்குத் தேவையானது எவ்வளவு? ஆடுகளத்தின் மேற்குப் பக்கம் 90 மீட்டர் நீளத்துக்கு ஐந்து படி போட்டுப் பாருங்கள். ஆளுக்கு அரை மீட்டர் என்றால் ஒரு படியில் 180 பேர், ஐந்து படியில் 900 பேர். சாயங்காலச் சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கண் கூசாது. மீதிக் கூட்டம் கம்பிவேலியை ஒட்டி நின்று பார்க்கும். நம் பக்கத்துப் போட்டிகளுக்கு இது போதும். சரளை மண்ணைக் கெட்டித்து மேடாக்கி அதன் மேல் படி அமைத்தால் தூணும் தளமும் இல்லாமலே வேலை முடிந்துவிடும், சரிந்து விழுமோ என்ற பயமும் இல்லை.

செயற்கைப் புல்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

இப்போது நம் ஊர்களிலும் "டர்ஃப்" வந்துவிட்டது. வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சின்ன ஐவர் களங்கள். வேலை முடிந்து வரும் இளைஞர்கள் ராத்திரி பத்து மணிக்கும் ஆடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, முழு மைதானத்துக்கும் இதையே விரித்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள்.

செயற்கைப் புல்லின் பெரிய பலம் நேரம். ஃபிஃபா தரச் சான்றில் முக்கியமாக இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று தொழில்முறை ஆட்டங்களுக்கு. மற்றொன்று வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேலும் ஆடித் தேய்க்கும் ஊர் மைதானங்களுக்கு. இயற்கைப் புல்லை அப்படி மிதித்தால் ஒரே மாதத்தில் மொட்டையாகிவிடும். மழை நின்ற சிறிது நேரத்தில் மறுபடி ஆடலாம் என்பதும் இதன் பலம். அப்போது நாட்டின் முதல்நிலைத் தொடராக இருந்த ஐ-லீக்கை 2016-17-இல் வென்ற மிசோரம் ஐஸ்வால் அணியின் சொந்த மைதானம் செயற்கைப் புல்தான். மலையில் சமதரை கிடைப்பதே அரிது. அங்கே மாதக்கணக்கில் மழையும் பெய்கிறது. அந்த ஊருக்கு அது சரியான தேர்வு. பெங்களூர் எஃப்.சி. 2013-14-இல் தன் முதல் பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றபோது சொந்த ஆட்டங்களை ஆடியதும் பெங்களூர் கால்பந்து ஸ்டேடியத்தின் செயற்கைத் தரையில்தான். நெருக்கமான சின்ன அரங்கம் ஒன்று என்ன செய்யும் என்பதற்கும் அது சாட்சி.

செட்டிநாட்டின் கணக்கு வேறு. இங்கே சராசரி ஆண்டு மழை 900 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதில் கணிசமான பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் நம் எதிரி வெயில். சித்திரை வைகாசியில் நிழலிலேயே 38, 40 டிகிரி. அந்த வெயிலில் ரப்பர் துகள் நிரப்பிய செயற்கைத் தரையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் குளிரும், திரும்பவும் ஏறிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல் சாயங்காலம் ஐந்து மணி வரை அந்தத் தரையில் பிள்ளைகளை விட முடியாது. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடியதைப் பெருமையாகச் சொல்கிறோம். அவர்கள் ஆடியது இங்கிலாந்துப் புல்லில். சூடேறிய பிளாஸ்டிக்கில் கால் வைத்தால் கொப்பளம்தான்.

அப்புறம் ஆயுள். நன்றாகப் பராமரித்தால் எட்டு முதல் பத்து ஆண்டு. அதன்பின் மேல்விரிப்பு முழுவதையும் உரித்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். விரித்த முதல் ஆண்டிலிருந்தே அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை வங்கியில் போட்டு வைக்கும் ஒழுங்கு எந்த ஊர்க் குழுவுக்கு இருக்கிறது? திறப்பு விழாவுக்குப் பணம் தருகிற நன்கொடையாளர், பத்து ஆண்டு கழித்துப் பழைய விரிப்பை மாற்ற அதே உற்சாகத்தோடு தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த உரித்த விரிப்பு எங்கே போகும் என்பதும் கேள்விதான். நுண்பிளாஸ்டிக் காற்றிலும் நீரிலும் கலப்பதால் ரப்பர் துகள் நிரப்பியை விற்பதற்கே ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் தடை கொண்டுவந்துவிட்டது. எட்டு ஆண்டு அவகாசம் முடிந்து 2031-இல் அது நடைமுறைக்கு வரும். ஊரணியை நம்பி வாழ்ந்த ஊர்களில், மழை வெள்ளத்தோடு ஊரணிக்குள் ரப்பர் துகள் போய்ச் சேர்வதை நான் விரும்பவில்லை. தேங்காய் நாரும் தக்கையும் கலந்த நிரப்பிகளும் உண்டு. சின்னக் களம் போடுகிறவர்கள் ஒப்பந்ததாரரிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆக, முழு மைதானத்துக்கு வேண்டாம். 40-க்கு 20 மீட்டரில் ஒரு சின்னக் களத்துக்கு வேண்டும். ஏன் வேண்டும் என்பது புல்லைப் பற்றிப் பேசும்போது தெளிவாகும்.

அருகம்புல் தரை

உலகத்தின் வெப்ப நாடுகளில் உள்ள பெரிய அரங்குகளில் விரித்திருப்பது பெரும்பாலும் பெர்முடா வகைப் புல். அது வேறொன்றுமில்லை, பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகருக்கு மாலையாகச் சாத்துகிற அருகம்புல்லின் இனம்தான். நம் வரப்பில் தானாகப் படர்வதன் தேர்ந்தெடுத்த, இலை மெலிந்த, அடர்ந்து வளரும் வகைகளை அரங்குகளுக்கென்று உருவாக்கியிருக்கிறார்கள். 2017-இல் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகக் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் இருந்த செயற்கைப் புல்லை எடுத்துவிட்டுப் பெர்முடாப் புல் போட்டார்கள். ஒரு காலத்தில் 1,20,000 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த அரங்கம், தனித்தனி நாற்காலி போட்டபோது ஏறக்குறைய 66,000 ஆகச் சுருங்கியது. கூட்டத்தைக் குறைத்துத் தரையையும் வசதியையும் உயர்த்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தத் தரையில்தான் இறுதிப்போட்டியில் இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என்று வென்றது.

அதே போட்டியில் இன்னொன்றும் நடந்தது. பிரேசில்-இங்கிலாந்து அரையிறுதி குவாஹாட்டியில் நடக்க வேண்டியது. தொடர்மழையில் அங்கே ஆடுகளம் கெட்டுப்போக, கடைசி நேரத்தில் ஆட்டத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். ஓர் உலகக் கோப்பை அரையிறுதியையே ஒரு நகரம் தரையால் இழந்தது. காலரியில் குறை இருந்ததால் இல்லை. மைதானக் குழுக்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய சம்பவம் இது.

அதனால் புல்லுக்கு முன்னால் வடிகால். 7,140 சதுர மீட்டரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 3,57,000 லிட்டர். ஐப்பசியில் ஒரே ராத்திரியில் பெய்யக்கூடிய மழைதான் அது. அவ்வளவும் எங்கே போகும்? செட்டிநாட்டு வீட்டில் நாலு பக்கக் கூரையும் உள்ளே சாய்ந்து மழையை முற்றத்துக்குக் கொண்டுவரும். மைதானத்தில் அந்த முறையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். நடு உயரமாக இருந்து, இரண்டு பக்கக் கோடுகளை நோக்கியும் தண்ணீர் சாய வேண்டும். நடுவிலிருந்து கோடு வரை 34 மீட்டர். நூற்றுக்கு அரை என்ற சாய்வு வைத்தால் நடுப்பகுதி 17 சென்டிமீட்டர் உயரம். ஆடுகிறவனுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

பெரிய அரங்கங்களில் இதோடு நிற்பதில்லை. அடியில் துளைக் குழாய்கள், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் 25 முதல் 30 சென்டிமீட்டர் மணல் கலந்த வேர்ப்படுகை. இதை அப்படியே நாம் செய்ய முடியுமா? 25 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் 1,785 கன மீட்டர் மணல், நம் கணக்கில் 630 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). இன்றைய மணல் விலையில் இதைக் கேட்டதும் குழுவில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். ஊர் மைதானத்துக்கு வேறு வழி உண்டு. தரையைக் கீறி, ஓரடி ஆழத்தில் ஒடுக்கமான வாய்க்கால்களை இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, ஓரத்தில் ஓடும் பெரிய குழாயில் சேர்க்க வேண்டும். மேல்பரப்பில் மட்டும் பத்து சென்டிமீட்டர் மணல் கலந்த மண் போதும். 250 யூனிட்டுக்குள் முடியும். ஓரக் குழாய் ஊரணிக்குப் போகட்டும். மைதானத்தில் விழுந்த மழை ஊரணியில் நிற்கும், கோடையில் அங்கிருந்தே புல்லுக்குத் திரும்பி வரும். நம் ஊர்களில் ஊரணிக்கு வரத்துக்கால் வெட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து ஒரு நிறுவனத்தை அழைத்து வருவதற்கு முன் அவர்களை ஒரு நாள் நிலத்தைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று லெவல் எந்திரம் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

சரி, கோடைத் தண்ணீர்? உச்ச வெயிலில் இந்தப் புல் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவு தண்ணீர் கேட்கும். ஆடுகளம் முழுவதற்கும் 35,700 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்று நடை. தினமும் லாரித் தண்ணீர் வாங்கிப் புல் வளர்ப்பது முட்டாள்தனம், அதைச் செய்யவே கூடாது. சொந்தக் கிணறோ போரோ ஊரணியோ இருந்தால் மட்டும் இந்த வழி. அருகம்புல்லுக்கு ஒரு நல்ல குணம், லேசான உப்புத் தண்ணீரையும் தாங்கிக்கொள்ளும். குடிக்க உதவாத போர் தண்ணீர் அதற்குப் போதும். சம்பை ஊற்றுத் தண்ணீரின் அருமை தெரிந்த காரைக்குடிக்காரர்களிடம் குடிதண்ணீரைப் புல்லுக்கு ஊற்றாதீர்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் இல்லாமல் சில வாரம் காய்ந்தாலும் இந்தப் புல் சாகாது. பழுத்துப்போய்க் கிடக்கும், ஒரு மழை கண்டதும் துளிர்க்கும். நிழல் மட்டும் ஆகாது. மைதானத்தை ஒட்டிப் பெரிய மரமும் உயர்ந்த கூரையும் வேண்டாம் என்பதற்கு அதுவே காரணம்.

இதன் பலவீனம் நேரம்தான். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆடினால் கோல் முன்னால் உள்ள இடம் முதலில் வழுக்கையாகும். காலையில் பள்ளி, சாயங்காலம் சங்கம், ராத்திரி இளைஞர்கள் என்று எல்லோரும் இதிலேயே பயிற்சி எடுத்தால் போட்டி நாளில் புல் இருக்காது. இங்கேதான் பக்கத்தில் உள்ள அந்தச் சின்னச் செயற்கைக் களம் கை கொடுக்கிறது. தினசரிப் பயிற்சி, சிறு பிள்ளைகள், இரவு வாடகை எல்லாம் அங்கே. பெரிய தரை ஆட்டத்துக்கும் வாரத்தில் சில பயிற்சிகளுக்கும் மட்டும். வாடகையில் வரும் பணம் புல் வெட்டுகிறவரின் சம்பளத்துக்கு ஆகும். பயிற்சிக்கு நகர்த்தக்கூடிய கோல்கம்பங்களை வைத்து, வாரத்துக்கு ஒரு மூலையில் ஆடச் சொன்னால் தேய்மானம் பரவலாகப் போகும். முழுநேரமாக ஒருவர் வேண்டும், அதில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. வாட்ச்மேனே புல்லையும் பார்த்துக்கொள்வார் என்று விட்ட மைதானங்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் கோரைதான் நிற்கும்.

செம்மண்ணை விடலாமா

செம்மண் தரையை யாரும் கேவலமாகப் பேச வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஆடி வளர்ந்த எல்லோருடைய முழங்காலிலும் அதன் தழும்பு இருக்கிறது. தண்ணீர் கேட்காது, நாள் முழுக்க ஆடலாம், தேய்ந்தால் ரோலர் ஓட்டினால் போதும். குறை என்னவென்றால் கோடையில் சிமெண்டாக இறுகும், மழையில் வழுக்கும், சறுக்கி எடுக்கும் ஆட்டம் அதில் வராது. சாய்வும் ஓர வாய்க்காலும் போட்டு, சரளையை அரித்து எடுத்துவிட்டு, மேலே சலித்த மண் பரப்பினாலே இப்போதிருப்பதை விடப் பல மடங்கு நன்றாக இருக்கும்.

அதோடு ஊர்ப் பொட்டல் என்பது கால்பந்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை. பொங்கல் விளையாட்டு விழா, கட்சிக் கூட்டம், பொருட்காட்சி, திருவிழாவுக்கு வரும் பஸ்களின் நிறுத்தம் எல்லாம் அதில்தான். புல் போட்ட மறுநாள் பந்தக்கால் நடக் கூடாது, லாரி ஏறக் கூடாது என்று சொல்ல வேண்டிவரும். இதை முதலிலேயே ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். மற்ற காரியங்களுக்கு வேறு இடம் காட்ட முடியாத ஊர், பொட்டலைப் பொட்டலாகவே வைத்துக்கொண்டு விளக்கு மட்டும் போடுவதே நியாயம். சண்டை போட்டுக் காக்கும் புல் நிலைக்காது.

போட்டி நடத்த உண்மையில் வேண்டியவை

தரைக்கு அடுத்து நான் பணம் கேட்பது உடை மாற்றும் அறைகளுக்கு. நன்கொடை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் ஆச்சி கேட்டார்: "அதெல்லாம் சரிப்பா, பொம்பளப் பிள்ளைக எங்க உடுப்பு மாத்துவாக?" அதற்கு யாரிடமும் பதில் இல்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2017-18-இலும் 2022-23-இலும் தேசிய சாம்பியன். மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2018-19-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. நம் மாவட்டத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள ஊர் அது. அப்படியிருந்தும் இங்கே பல மைதானங்களில் பெண் பிள்ளைகள் வேனுக்குள் திரை கட்டி ஜெர்சி மாற்றுகிறார்கள், கழிப்பறை இல்லாததால் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று எந்த உடற்கல்வி ஆசிரியரையும் கேளுங்கள். பூட்டுப் போடக்கூடிய இரண்டு அறைகள், தனித்தனிக் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், நடுவருக்கு ஒரு சின்ன அறை. ஆயிரம் பேருக்குக் காலரி கட்டும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். இது இல்லாத மைதானத்தில் பெண்கள் போட்டியை நடத்தத் துணியவே கூடாது.

அடுத்தது விளக்கு. நம் பக்கம் பகல் வெயிலில் ஆட்டம் பார்க்க யாரும் வர மாட்டார்கள். மின்னொளிக் கால்பந்து என்று தட்டி வைத்தால் பக்கத்து ஊர்களிலிருந்தும் கூட்டம் வரும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், தொலைக்காட்சிக்கு 1,000 லக்ஸுக்கு மேல் வேண்டும். நமக்கு 200 லக்ஸ் போதும். நான்கு கம்பங்களில் கம்பத்துக்கு எட்டு எல்.இ.டி., ஒவ்வொன்றும் 1,000 வாட் என்று வைத்தால் 32 கிலோவாட். மூன்று மணி நேரத்துக்கு 96 யூனிட் மின்சாரம். நுழைவுக் கட்டணமோ ஒரு நாள் உபயதாரரோ இருந்தால் இதைச் சமாளிக்கலாம். இப்போது விளக்குக்குப் பணம் இல்லையென்றாலும் கம்பத்தின் அடித்தளத்தையும் கேபிள் போகும் குழாயையும் முதல் வேலையிலேயே புதைத்துவிட வேண்டும். புல் பிடித்த பிறகு குழி தோண்டினால் வடிகால் உடையும்.

ஓட்டப்பாதையையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்பார்கள். 400 மீட்டர் ஓட்டப்பாதையின் உள்ளே கால்பந்துக் களம் அடங்கிவிடும். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம் அப்படிப்பட்டதுதான், 2019 மார்ச்சில் சென்னை சிட்டி எஃப்.சி. அங்கேதான் ஐ-லீக் கோப்பையை உறுதி செய்தது. பள்ளி விளையாட்டு விழாக்களுக்கு உதவும், அரசு உதவி கேட்கவும் வசதி. ஆனால் பார்க்கிறவர்கள் ஆட்டத்திலிருந்து தள்ளிப் போவார்கள், நிலமும் கூடுதலாக வேண்டும். ஆறு ஏக்கர் இருந்தால் யோசிக்கலாம்.

சொந்தத் தண்ணீரும் நான்கு ஏக்கரும் உள்ள ஊருக்கு நான் வைக்கும் வரிசை இதுதான்: சாய்வும் வடிகாலும், கம்ப அடித்தளம், அருகம்புல், அறைகள், கம்பிவேலி, சின்னச் செயற்கைக் களம், விளக்கு, மேற்குப் பக்கம் ஐந்து படி. பணம் நடுவில் தீர்ந்தாலும் அதுவரை செய்தது வீணாகாத வரிசை இது. தண்ணீர் இல்லாத ஊர் புல்லை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை இதே வரிசையில் செய்யலாம். இரண்டு ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள் எழுவர் களமாகச் சுருக்கி, அறைகளும் விளக்கும் நன்றாகச் செய்வது மேல்.

காலமும் முக்கியம். மண்வேலை மழைக்கு முன் முடிய வேண்டும். ஆடியில் புது வேலை தொடங்க யோசிப்பவர்கள் வைகாசியிலேயே பூமி பூஜை போட்டுவிட்டால் ஆடி முடிவதற்குள் குழாய் புதைத்துவிடலாம். ஆவணியில் புல் தண்டுகளை நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்து, அந்த மழையிலேயே படர்ந்துவிடும். பொங்கல் போட்டிக்கு ஆசைப்பட்டுத் திறந்துவிட வேண்டாம், தை முழுவதும் வெட்டி வெட்டி அடர்த்தியாக்கட்டும். மாசியில் முதல் போட்டியை வைக்கலாம், பள்ளித் தேர்வு தொடங்குவதற்கு முன்.